ஆகஸ்ட் மாதத்து வியாபாரம்

கேள்வி: நான் அமெரிக்கக் கால்பந்து (என்.எஃப்.எல்) அணியான டல்லஸ் கௌபாய்ஸின் தீவிர ரசிகன். 2025 ஆகஸ்டில் எங்கள் தடுப்பாட்ட நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸை கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்தார்களே, அதைப் பற்றி எங்கள் நண்பர் வட்டத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை. "இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பும் (கல்லூரி இளைஞர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வு அது) ஆட்டக்காரர் கென்னி கிளார்க்கும் கிடைத்ததே, 1989இல் ஹெர்ஷல் வாக்கரை விற்றுத்தானே சாம்பியன் ஆனோம்" என்கிறது ஒரு கட்சி. "பார்சன்ஸ் பணத்தாசை பிடித்தவர், போனதே நல்லது" என்கிறது இன்னொன்று. யார் சொல்வது சரி? அவருடைய 11ஆம் எண் ஜெர்சி என்னிடம் இருக்கிறது. இனி அதைப் போடலாமா?

பதில்: இரண்டு கட்சியும் தப்பு. காலண்டரை யாருமே புரட்டிப் பார்க்கவில்லை.

முதலில் வாக்கர் கதை. அந்த 1989 சீசனில் டல்லஸ் ஒரே ஒரு ஆட்டத்தில் வென்று 15இல் தோற்ற அணி. விலைபோகக்கூடிய ஒரே சரக்கு, பந்தோடு ஓடும் ஆட்டக்காரரான வாக்கர்தான். அக்டோபர் 12 அன்று அவரை வாங்கிய மினசோட்டா வைக்கிங்ஸ், பதிலுக்குச் சில ஆட்டக்காரர்களைக் கொடுத்தது. அந்த ஆட்டக்காரர்களின் பெயர்களோடு டிராஃப்ட் வாய்ப்புகள் முடிச்சுப் போடப்பட்டிருந்தன. குறித்த தேதிக்குள் டல்லஸ் அவர்களை நீக்கினால் அந்த வாய்ப்புகள் டல்லஸுக்கே சேரும். பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் கண் ஆட்கள் மேல் இல்லை, அந்த முடிச்சுகள் மேல்தான். அப்படிக் கிடைத்ததில் ஒன்றைக் கொடுத்து, தேர்வு வரிசையில் முன்னால் நகர்ந்துதான், பிற்காலத்தில் நட்சத்திரமான எமிட் ஸ்மித்தை 1990இல் எடுத்தார்கள். அடித்தளமே இல்லாத இடத்தில் புதிதாக வீடு கட்டிய கதை அது. பார்சன்ஸ் இருந்த அணியோ 2021, 2022, 2023 மூன்று சீசனிலும் 12 ஆட்டங்கள் வென்ற அணி. குடியிருக்கிற வீட்டின் தூணை உருவிவிட்டு, அந்தக் காலத்து மனையோடு ஒப்பிடுவது எப்படி நியாயமாகும்?

இனி தேதிக்கு வருகிறேன். பார்சன்ஸ் 2021இல் 12ஆவது ஆளாக டிராஃப்டில் எடுக்கப்பட்டவர். நான்கு சீசனில் 52.5 சாக் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, எறியுமுன் வீழ்த்துவது); ஒரு சீசனில்கூட 12க்குக் குறையவில்லை. மூன்று சீசன் முடிந்த 2024 தொடக்கத்திலேயே அவரோடு புது ஒப்பந்தம் பேச விதி இடம் கொடுத்தது. அப்போது குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் ஆட்டக்காரர்களில் அதிகச் சம்பளம் சான் பிரான்சிஸ்கோவின் நிக் போசாவுக்கு, ஆண்டுக்கு 3.4 கோடி டாலர். டல்லஸ் காத்திருந்தது. 2025 மார்ச்சில், வேறொரு அணியில் அதே வேலை செய்யும் மேக்ஸ் கிராஸ்பி ஆண்டுக்கு 3.55 கோடிக்குக் கையெழுத்திட்டார். அதே மாதம் மைல்ஸ் காரெட், 4 கோடி. ஜூலையில் டி.ஜே. வாட், 4.1 கோடி. ஒவ்வொருவர் கையெழுத்திடும்போதும் பார்சன்ஸின் விலை ஏறியது. டல்லஸ் வேடிக்கை பார்த்தது. ஆகஸ்ட் முதல் தேதி, என்னை விட்டுவிடுங்கள் என்று அவரே பகிரங்கமாகக் கேட்டார். கடைசியில் கிரீன் பே கொடுத்தது நான்கு ஆண்டுக்கு 18.8 கோடி, அதாவது ஆண்டுக்கு 4.7 கோடி.

இது ஒருமுறை நடந்த தவறு என்றால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். அதற்கு முந்தைய ஆண்டு டல்லஸின் பந்து பிடிக்கும் ஆட்டக்காரர் சீடி லாம்ப் பயிற்சி முகாமுக்கே வராமல் ஆகஸ்ட் கடைசியில்தான் கையெழுத்திட்டார். அதே ஆண்டு குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்கு 6 கோடி என்று முடிவானது சீசனின் முதல் ஆட்டம் நடந்த அதே நாளில், பந்து உருளச் சில மணி நேரம் இருக்கும்போது. மூன்று பேர், மூன்று இழுபறி. ஒவ்வொரு இழுபறியும் அணிக்கு நஷ்டத்தில்தான் முடிந்தது.

சரி, விற்பதென்றே முடிவு செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் விற்றிருந்தால், ஏப்ரல் டிராஃப்டில் ஓர் இளைஞரை எடுத்து அந்த செப்டம்பரிலேயே களத்தில் இறக்கியிருக்கலாம். (அந்த டிராஃப்ட் நடந்த ஊரே கிரீன் பேதான்.) சந்தையில் நல்ல ஆட்கள் இருக்கும்போதே மாற்று தேடியிருக்கலாம். இவர்கள் விற்றது ஆகஸ்ட் 28. அணியில் உள்ள 90 பேரை 53 ஆகக் குறைக்கும் கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம். கைக்கு வந்த டிராஃப்ட் வாய்ப்புகள் 2026க்கும் 2027க்கும். உடனே களமிறங்கக்கூடியவர் கிளார்க் மட்டும்தான். எதிரணி பந்தோடு ஓடுவதைத் தடுப்பதில் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அப்போது பார்சன்ஸுக்கு 26 வயது, கிளார்க் 30ஐத் தொடவிருந்தவர்.

"அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு இடிக்கிறது, என்ன செய்வது" என்று உங்கள் நண்பர்களில் யாராவது சொல்வார். 2025இல் வரம்பு 27.92 கோடி டாலர், எல்லா அணிக்கும் ஒன்றுதான். கிரீன் பே தன் குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ்வுக்கு ஆண்டுக்கு 5.5 கோடி கொடுத்துக்கொண்டே பார்சன்ஸையும் எடுத்தது. கையெழுத்துத் தொகையை ஐந்து ஆண்டுக் கணக்கில் பிரித்து எழுத விதி இருக்கிறது. அந்த விதி டல்லஸுக்கும் சேர்த்துத்தான்.

பேராசை என்கிற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். அந்த ஆண்டு டிசம்பரில் டென்வரில் ஆடும்போது அவர் முழங்கால் தசைநார் கிழிந்தது. "பார்த்தீர்களா, தப்பித்தோம்" என்று சிலர் குதூகலித்ததைப் படித்தபோது மனம் கசந்துவிட்டது. ஆகஸ்டில் யாருக்கும் தெரியாத ஒரு காயம் ஆகஸ்டில் எடுத்த முடிவைச் சரியாக்கிவிடாது. ஒரு நொடியில் முழங்கால் போகக்கூடிய தொழிலில் இருப்பவர், உடம்பு நன்றாக இருக்கும்போது தன் விலையைக் கேட்காமல் வேறு எப்போது கேட்பார்? அதை ஆசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த முறை நண்பர்கள் கூடும்போது பார்சன்ஸ் பெயரை எடுக்காதீர்கள். இப்போது அணியில் இருக்கும் இளைஞர்களில் யார் யாருக்கு மூன்று சீசன் முடிந்துவிட்டது, அவர்களில் யாரோடு பேச்சு தொடங்கியிருக்கிறது என்று கேளுங்கள். மார்ச்சில் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆகஸ்டில் கேட்டுப் பயனில்லை.

ஜெர்சியைத் தாராளமாகப் போடுங்கள். அந்த 52.5 சாக்கும் அவர் அதைப் போட்டுக்கொண்டு எடுத்தவை.