சதுரங்கப் பலகை அரிசியின் மொத்தம்: கேள்வி பதில்

இந்த முறை எடுத்துக்கொண்ட எண் 1,84,46,74,40,73,70,95,51,615. முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டத்துக்கும் சேர்த்து வருகிற மொத்தம்.

சார், 2⁶⁴ தானே வரணும்? ஏன் ஒண்ணு குறையுது?

1+2+4 = 7; அடுத்த கட்டத்தில் 8. எந்தக் கட்டத்துக்கும் முன்னால் உள்ளதையெல்லாம் கூட்டினால் அதைவிட ஒன்று குறைவாகவே வரும். 65ஆவது கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் 2⁶⁴ இருக்கும். நம் கணக்கு அதற்கு ஒன்று முன்னால் நின்றுவிடுகிறது.

இது பகா எண்ணா?

5இல் முடிகிறதே! இலக்கங்களைக் கூட்டினால் 87, ஆக 3ஆலும் வகுபடும். முழுக்க உடைத்தால் 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 67,00,417. ஏழும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன, அதனால் மொத்தக் காரணிகள் 2⁷ = 128.

கால்குலேட்டர் இல்லாம எப்படி உடைக்கிறது?

ஒன்பதாம் வகுப்பு a²−b² போதும். 2⁶⁴−1 = (2³²−1)(2³²+1). இதில் முதல் காரணியான 2³²−1ஐயே திரும்பத் திரும்பப் பிரித்தால் 3, 5, 17, 257, 65,537 என ஐந்து பகா எண்கள் உதிரும். மிச்சம் 2³²+1, அதாவது 4,29,49,67,297. இந்த வரிசை முழுக்கப் பகா எண்கள்தான் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணித அறிஞர் ஆய்லர் 2³²+1ஐ 641ஆல் வகுத்துக் காட்டினார்.

641ஐ எப்படிப் பிடிச்சாருன்னு புரியலையே?

2³²+1இன் பகாக் காரணி எதுவானாலும் 64இன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாகவே இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641. நான்கு உதவாது, ஐந்தாவது மாட்டிவிடும்.

வகுக்காமலே சரிபார்க்கலாம். 640 = 5×2⁷; இதை 641ஆல் வகுத்தால் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்துங்கள்: 5⁴×2²⁸இன் மீதி 1. இன்னொரு பக்கம் 625+16 = 641, அதாவது 5⁴+2⁴. எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²இன் மீதி 1 என்றாகிறது. ஆக 2³²+1இன் மீதி 0. எனக்கு இதைவிட அழகான நாலு வரி கணக்கு தெரியாது.

அரிசி எத்தனை மூட்டைங்க ஐயா?

மூட்டையில் அடங்காது. ஆயிரம் அரிசி 25 கிராம் என்று வைத்தால் சுமார் 46,000 கோடி டன். உலகமே இன்றைய அளவில் ஏறக்குறைய 900 ஆண்டு விளைவிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர்ல இந்த எண்ணைப் பார்த்திருக்கேன்.

பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் நிற்கும் இடம்; 64 பிட்டிலும் 1 நிரம்பினால் இதுதான். அதில் இன்னொரு ஒன்றைக் கூட்டினால் நேரே பூஜ்யத்துக்குப் போய்விடும்.

7ஆல் வகுபடுமா அண்ணா?

படாது. 2இன் அடுக்குகளை 7ஆல் வகுத்தால் மீதி 2, 4, 1 என்று சுற்றிச் சுற்றி வரும். 64ஆவது இடத்தில் 2 நிற்கும். ஒன்று கழித்தால் மீதி 1. கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டு 63 கட்டத்தை மட்டும் கூட்டினால் சரியாக வகுபடும்.