எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறோம், அடுத்து என்ன? வேலூர்ப் பக்கத்து மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். தொகை, தேதி எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அமைப்பின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி, இரண்டாம் ஆண்டு மாணவி: மேடம், வாட்ஸ்அப்பில் பன்னாட்டுக் கருத்தரங்கு அழைப்பிதழ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பணம் கட்டினால் சான்றிதழும் தருகிறார்கள், ஐஎஸ்பிஎன் நூலில் கட்டுரையும் போடுகிறார்கள். எத்தனைக்குப் போனால் போதும்?

நல்லதாக ஒன்றோ இரண்டோ போதும். ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்துக்கான அடையாள எண், அவ்வளவுதான். நம் நாட்டில் பதிப்பிக்கிற யாரும் அதை இலவசமாகவே வாங்கலாம். உங்கள் கட்டுரையை விவரம் தெரிந்த ஒருவர் படித்து ஏற்றார் என்பதற்கு அது சாட்சி இல்லை. முன்பு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தரமான ஆய்விதழ்களைக் குறித்துவைத்த யுஜிசி கேர் பட்டியல் என்று ஒன்று இருந்தது. அதையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். எது நல்ல இதழ் என்று பார்க்கிற பொறுப்பு இப்போது கல்லூரிகள் தலையிலும் உங்கள் தலையிலும்தான். யுஜிசியின் 2022 முனைவர் பட்ட விதிகளில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் தாங்களாக வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

கருத்தரங்கின் தரத்தை அளக்க நான் பார்ப்பது ஒன்றுதான்: அனுப்பிய கட்டுரைச் சுருக்கங்களில் எதையாவது நிராகரிக்கிறார்களா? எல்லாருக்கும் ‘ஏற்கப்பட்டது’ என்று மறுநாளே பதில் வந்தால் அது வசூல். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடியப் பன்னிரண்டு மணி ஆகி, மாணவருக்கு ஐந்து நிமிடம் கொடுக்கிற இடத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? (சாப்பாடு நன்றாக இருக்கும், அதை மறுக்கவில்லை.)

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எல்டாய் என்ற ஆங்கில ஆசிரியர் சங்கம் 1974 முதல் இருக்கிறது. ஆசிரியப் பணிக்குப் போகிறவர்கள் அதன் ஆண்டு மாநாட்டுக்குப் போகலாம். இலக்கிய ஆய்வு என்றால் காமன்வெல்த் இலக்கியத்துக்கான இந்தியச் சங்கத்தின் ஆண்டு மாநாடு. அங்கே இளம் ஆய்வாளரின் சிறந்த கட்டுரைக்கு இலக்கிய விமர்சகர் சி.டி. நரசிம்மையா பெயரில் பரிசு உண்டு. எழுந்து நின்று கேள்வி கேட்பார்கள், பயமாக இருக்கும். அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

சேர்க்காடு, மாணவர்: நெட் எப்போது எழுதலாம்?

நெட் என்பது உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு. இறுதியாண்டிலேயே எழுதலாம். பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. இரண்டு தாள்களிலும் சேர்த்து 150 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது என்பதால் எதையும் விடாமல் எழுதுங்கள். ஜேஆர்எஃப் என்ற அந்த உதவித்தொகை கிடைத்து ஆய்வில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு 30, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு. இலக்கியத் தாளைவிட எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான முதல் தாளில்தான் நம் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

ஆற்காடு, மாணவி: ஆங்கிலத்தில் சிறுகதை எழுதுகிறேன் அக்கா. பணம் கட்டாமல் எங்கே அனுப்பலாம்?

முதலில் காமன்வெல்த் சிறுகதைப் பரிசு. கட்டணம் இல்லை. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், கதை எங்கும் வெளிவந்திருக்கக் கூடாது, 2,000 முதல் 5,000 சொற்களுக்குள் இருக்க வேண்டும். வழக்கமாக செப்டம்பரில் திறந்து நவம்பர் முதல் தேதி மூடுவார்கள். வட்டாரப் பரிசு 2,500 பவுண்டு, ஒட்டுமொத்தப் பரிசு 5,000 பவுண்டு. தமிழிலேயே எழுதியும் அனுப்பலாம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

பெங்களூரின் டோட்டோ அமைப்பு ஆங்கிலப் படைப்பெழுத்துக்கென்று இளைஞர் விருது தருகிறது. முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு தேசியப் புத்தக அறக்கட்டளையின் பிரதமர் யுவா திட்டமும் உண்டு. தேர்வானால் ஆறு மாதம் வழிகாட்டுதலும் மாதம் 50,000 ரூபாயும் கிடைக்கும். ஆனால் தலைப்பை அவர்கள்தான் தருவார்கள். உங்கள் கதைக்கு அது ஒத்துவராது என்றால் விட்டுவிடுங்கள், பணத்துக்காக இழுத்துக் கட்ட வேண்டாம்.

பணம் வாங்கிக்கொண்டு ‘தொகுப்பு நூலில்’ கவிதை போடுகிற ஆட்கள் இன்ஸ்டாகிராமில் வருவார்கள். பதில் போடாதீர்கள்.

ஆம்பூர், மாணவர்: வீட்டில் உருது, தெருவில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம். மூன்றிலும் அரைகுறை என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

தம்பி, கேலி செய்கிறவர்களைவிட உங்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம். டெல்லியில் ஆங்கிலம் படிக்கிறவரோடு ஆங்கிலக் கதையில் போட்டி போடுவதைவிட, ஆம்பூரிலிருந்து உருதுவையும் தமிழையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது சுலபம். உங்கள் ஊர்ப் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கவே வாய்ப்பில்லை. வட ஆற்காட்டில் வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வசதி இருக்கிறது! யாரும் இதை ஒரு தகுதியாக எண்ணுவதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

நியூ இந்தியா ஃபவுண்டேஷனின் மொழிபெயர்ப்பு நல்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஆறு லட்சம் ரூபாய். அவர்கள் எடுத்துக்கொள்ளும் பத்து மொழிகளில் தமிழும் உண்டு, உருதும் உண்டு. கதை இல்லை, வரலாறு சார்ந்த புனைவல்லாத நூல்கள்தான். படிக்கும்போதே கிடைத்துவிடாது, இப்போதிருந்து தயாராகலாம். சௌத் ஏசியா ஸ்பீக்ஸ் என்ற வழிகாட்டித் திட்டம் ஓராண்டு, கட்டணம் கிடையாது, மொழிபெயர்ப்பாளர்களையும் சேர்க்கிறார்கள். மைசூரு இந்திய மொழிகள் நடுவண் நிறுவனத்தில் உள்ள தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறது. தமிழ்நாடு பாடநூல் கழகமும் தமிழ் நூல்களை ஆங்கிலத்தில் கொண்டுவர நிறுவனங்களோடு சேர்ந்து பதிப்பிக்கிறது.

இப்படிப்பட்ட இடங்களில் பொதுவாகக் கேட்பது பத்துப் பதினைந்து பக்க மொழிபெயர்ப்பு மாதிரிதான். இந்த விடுமுறைக்குள் அதை முடியுங்கள். மூல ஆசிரியரிடமோ உரிமை உள்ளவரிடமோ எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் உழைப்பெல்லாம் பெட்டியில்தான் கிடக்கும்.

குடியாத்தம், மாணவர்: அமெரிக்காவில் படைப்பெழுத்துக்கான எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைப் படிப்பு இருக்கிறதாம். கடன் வாங்கிப் போகலாமா?

கடன் வாங்கிப் போகாதீர்கள். கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பாடம் நடத்தச் சொல்லி மாதச் செலவுக்கும் தருகிற பல்கலைக்கழகங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். போட்டி கடுமை. உங்கள் எழுத்து மாதிரிதான் முடிவு செய்யும், மதிப்பெண் பட்டியல் இல்லை. விண்ணப்பக் கட்டணமே டாலரில் பையைக் கரைக்கும் என்பதால் தள்ளுபடி உண்டா என்று கடிதம் எழுதிக் கேளுங்கள். பிரிட்டன் என்றால் அந்நாட்டு அரசின் செவனிங் உதவித்தொகை இருக்கிறது, ஆனால் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் விசாரியுங்கள்.

ராணிப்பேட்டை, ஒரு மாணவியின் தந்தை: மகள் எழுத்து எழுத்து என்கிறாள் மேடம். சாப்பாட்டுக்கு வழி?

நியாயமான கேள்விதான் ஐயா. பி.எட். சேர்த்துப் படித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். சென்னையில் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பிரதி திருத்தும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் பெரிதில்லை, ஆனால் இலக்கணம் கூராகும். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்கள்தான் அதிகம். அவளை எழுத விடுங்கள், வேலையும் தேடச் சொல்லுங்கள்.

வாலாஜா, மாணவி: இலக்கிய விழாக்களுக்குப் போகக் காசில்லை.

பெங்களூர் இலக்கிய விழா டிசம்பரில், நுழைவு இலவசம். காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் இரவு வீடு திரும்பலாம். ஜனவரியில் கோழிக்கோடு கடற்கரையில் நடக்கும் கேரள இலக்கிய விழாவுக்கு மங்களூர் மெயில் காட்பாடி வழியாகவே போகிறது. நான்கு பேராகச் சேர்ந்து போங்கள், முன்பதிவை மட்டும் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.