நட்சத்திரத்துக்குப் பட்டா

அன்புள்ள ஐயா,

பெங்களூர் மாரத்தஹள்ளியில் ஐ.டி. வேலை செய்கிறேன். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். எங்கள் இரண்டாவது திருமண நாளுக்கு, ஒரு நட்சத்திரத்துக்கு என் மனைவியின் பெயரை வைத்துப் பரிசளித்தேன். ஆன்லைனில் பணம் கட்டினால் சான்றிதழ், வான வரைபடம், நட்சத்திரம் இருக்கும் இடத்துக்கான எண்கள் எல்லாவற்றையும் கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்புகிறார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. அவளுக்கு ரொம்ப சந்தோஷம். ஹாலில் மாட்டியிருக்கிறாள். ஆபீஸ் நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "இது சுத்த ஏமாத்து வேலைடா" என்று தனியாகச் சொன்னான். அன்றிலிருந்து அந்தச் சுவரைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. பெயரைத் தமிழில்தான் கொடுத்தேன். வானத்தில் ஒரு தமிழ்ப் பெயர் ஏறினால் அதுவும் ஒருவகைத் தமிழ்த்தொண்டுதானே என்று நினைத்தேன். இது உண்மையிலேயே ஏமாற்றா? அவளிடம் சொல்லிவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் அதை உங்கள் வீட்டு ஹாலில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டாம்.

விண்பொருள்களுக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் உள்ளதாக வானியலாளர்கள் ஒப்புக்கொள்ளும் அமைப்பு ஒன்றுதான். 1919இல் தொடங்கிய சர்வதேச வானியல் ஒன்றியம். அது பெயர்களை விற்பதில்லை. உங்களுக்குச் சட்டம் போட்டு அனுப்பியவர்கள் தாங்களே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு அதில் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். அதே நட்சத்திரத்தை இன்னொரு கம்பெனி இன்னொரு கணவருக்கு விற்றால் தடுக்க ஆள் இல்லை. பெங்களூரில் வீட்டுமனை பார்த்தவர் நீங்கள், ஏ கத்தா (முறையான மனைப் பதிவு), பி கத்தா (குறையுள்ள பதிவு) வித்தியாசம் தெரிந்திருக்கும். இது பி கத்தாகூட இல்லை. புறம்போக்கு நிலத்துக்குத் தன் வீட்டுப் பிரிண்டரில் பட்டா அடித்துக் கொடுப்பது.

ஏமாந்துவிட்டோமே என்று குமைய வேண்டாம். ஆறாயிரத்தை இந்த ஊரில் ஒரு சனிக்கிழமை ராத்திரியில் தொலைப்பவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்த்தொண்டு என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. 1867இல் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற உதவியாளர் இருந்தார். தெற்கு அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஒளி அது. சென்னையில் தெற்கு அடிவானம் என்றால் என்னவென்று யோசியுங்கள். புழுக்கம், கடல் ஈரம், மேகம். அதற்குள் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தார். அந்த நட்சத்திரத்தின் பெயர் என்ன தெரியுமா? ஆர் ரெட்டிகுலி. ரெட்டிகுலி என்பது அது இருக்கும் விண்மீன் கூட்டத்தைக் குறிக்கும். ஒரு விண்மீன் கூட்டத்தில் முதலில் பதிவாகும் மாறொளி விண்மீனுக்கு ஆர், அடுத்ததற்கு எஸ் என்று போட்டுக்கொண்டே போவது வழக்கம். அந்த 'ஆர்' ரகுநாதாச்சாரியின் 'ர' அல்ல. அவர் பெயரில் ஒரு எழுத்துகூட மேலே ஏறவில்லை. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, இது எப்படி நடக்கிறது என்று சாதாரண ஜனங்களுக்கு விளக்கச் சிறுநூல் எழுதி, பல இந்திய மொழிகளில் வெளியிட்டவரும் அவர்தான். தொண்டு என்றால் அது, தம்பி. கிரெடிட் கார்டு எண்ணை அடித்து 'தமிழ்' என்ற கட்டத்தை டிக் செய்வது தொண்டு ஆகாது.

அந்த நுங்கம்பாக்கத்து ஆய்வகத்தின் வாரிசு உங்கள் ஊரில்தான் இருக்கிறது. கோரமங்களாவில், இந்திய வான்இயற்பியல் நிறுவனம். அதன் வாசல் வழியாக எத்தனை முறை ஸ்விக்கி பையன்களோடு போட்டி போட்டுக்கொண்டு வண்டி ஓட்டியிருப்பீர்கள்?

முறையாகப் பெயர் வைத்ததும் உண்டு. ஒன்றியத்தின் நூறாவது ஆண்டான 2019இல் நாட்டுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னார்கள். நம் நாட்டுக்கு வந்ததற்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக 'பிபா' என்று வைத்தார்கள். நல்ல காரியம். அதையும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் என் அம்மாவின் நட்சத்திரத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகம். ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் மகம் என்பது பஞ்சாங்கத்தில் மட்டும் இருப்பதல்ல. நிஜமாகவே மேலே இருக்கிறது, ரெகுலஸ் என்ற பெயரில். சித்திரை மாத இரவில், ஒன்பது மணி வாக்கில், பெங்களூரில் உச்சந்தலைக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே வரும்.

1980 சித்திரை. அல்சூரில் வாடகை வீடு. அப்பா டெலிபோன் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. கரண்ட் போன ஒரு ராத்திரி எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனோம். பகலில் காயவைத்த வடாம் இன்னும் வேட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பத்து வயது. உடைந்த வடாம் என் பங்கு.

அப்பா திடீரென்று, "இந்தா, இங்க பாரு, அதான் உன் நட்சத்திரம்" என்று மேலே கையை நீட்டினார். அண்ணாந்து பார்த்தேன். வானத்திலேயே பெரியதாக, ஆடாமல் அசையாமல் ஒளி விட்டுக்கொண்டு ஒன்று. அம்மா ஒரு தரம் பார்த்துவிட்டு, "மகத்துல பொறந்தவ ஜகத்தை ஆளுவாளாம். நான் இந்த ஸ்டவ்வைத்தான் ஆளறேன்" என்று சொல்லி மறுபடி வடாமுக்குக் குனிந்துவிட்டாள். அப்பாவுக்கு முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது. இருட்டில் தெரியவா போகிறது என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரிந்தது.

அடுத்த சித்திரையிலும் அப்பா தேடிப் பிடித்துவிட்டார். ஆனால் இந்த முறை அது கிழக்கே தள்ளிப்போயிருந்தது, பக்கத்தில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. "பாரு, உன் நட்சத்திரத்துக்குத் துணை வந்திருக்கு" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்கென்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அப்பா காட்டியது வியாழன். 1980இல் அது சிம்மத்தில் மகத்தை ஒட்டி நின்றது, செவ்வாயும் அந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நிஜமான மகம் பக்கத்திலேயே சிறியதாக மினுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. மறு வருடம் குரு கன்னிக்குப் போய்விட்டார். கூடவே வந்து நின்ற 'துணை' சனி.

அப்பா போய்ப் பல வருடம் கழித்து, பெரிய கண்டுபிடிப்பைச் சொல்வதுபோல் அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டா. வாராவாரம் புஸ்தகத்துல குருப்பெயர்ச்சி பலன் படிக்கறவ நான். குரு எங்க இருக்கார்னு ஊருக்கே தெரியும், உங்கப்பாவுக்கு மட்டும் தெரியாது. மகத்தை எங்கப்பாரு ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறப்போ சின்ன வயசுலயே எனக்குக் காட்டியிருக்காரு."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"பெருசா இருக்கறதைக் காட்டுனாரு, பாவம். சேலை எடுக்கறதும் அப்படித்தானே எடுப்பாரு, பளபளன்னு. என்னிக்காவது திருப்பிக் குடுத்திருக்கேனா? போற போக்குல பக்கத்துல சனியை வேற கூட்டிட்டு வந்து நிறுத்திட்டாரு மனுஷன்!"

ச., நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அவளிடம் சொல்லலாமா என்று. சொல்லுங்கள், சொல்லாமல் போங்கள், அது உங்கள் வீட்டு விவகாரம். என் அம்மா மாதிரி அவரும் ஏற்கெனவே கூகுளில் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாரோ என்னவோ. என் கோபம் வேறு. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். விலை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, மாட்டிய சுவர் இருக்கிறது. நீங்கள் இருவரும் ஒருநாளாவது மேலே போய் வானத்தைப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. அவர்கள் விற்றது தொலைநோக்கி இல்லாமல் தெரியாத ஏதோ ஒரு புள்ளியை. அதுகூட உங்களுக்கு வசதியாகப் போயிற்று. கழுத்து வலிக்காது. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்த்திருப்பீர்கள். பகல் பத்தரை மணிக்கு ஐயர் மண்டபத்து ஃபேனுக்குப் பக்கத்தில் கையைக் காட்டியிருப்பார், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் அது நிஜமாகவே இருக்கிறது. வசிஷ்டரும் அருந்ததியும், மிசார், அல்கோர். அதையாவது பிறகு போய்ப் பார்த்தீர்களா?

இன்னொன்று. மனைவியின் பெயரை எழுதியிருக்கிறீர்கள், அதை இங்கே எடுத்துவிட்டேன். அவருடைய நட்சத்திரம் என்னவென்று கடிதத்தில் எங்குமே இல்லை. தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே கேளுங்கள். ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை என்றால் உங்கள் யோகம். மாரத்தஹள்ளி வெளிச்சத்திலும் மாடியிலிருந்தே தெரியும். பூசம், ரேவதி என்றால் கஷ்டம். வாணியம்பாடி வழியாக ஜவ்வாது மலைக்கு வண்டியை எடுங்கள். 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியை 1986இல் அந்த மலையில் உள்ள காவலூரில் கொண்டுபோய் வைத்தார்கள் என்றால், அங்கே இருட்டு இருந்ததால்தான்.

முதலில் மாடி. சாவி அசோசியேஷன் செகரட்டரியிடம் இருக்கும், டேங்க் பார்க்க வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். ஏரிப் பக்கத்துக் கொசு, ஓடோமாஸ் தடவிக்கொண்டு போங்கள்.