சார்ஜில் போட்டபடி வாசிக்கலாமா?

கேள்வி: மகன் வாங்கி அனுப்பிய கிண்டில் என்ற மின்புத்தகக் கருவியில்தான் இப்போது கதைகள் வாசிக்கிறேன். சார்ஜில் போட்டபடி வாசித்தால் பற்றரி வெடிக்கும் என்று பேரன் பறித்து வைத்துவிடுகிறான். அவனுடைய மடிக்கணினியில் செருகினாலோ பக்கமே வராமல் நின்றுவிடுகிறது. இது பழுதா?
- வாசகி ஒருவர், உப்புவெளி

பதில்: பழுதில்லை அம்மா, தாராளமாக வாசிக்கலாம். கணினியில் செருகியதும் அது உங்கள் கிண்டிலை ஒரு பென் டிரைவ் மாதிரித்தான் எடுத்துக்கொள்ளும், புத்தகக் கோப்புகளைப் போடுவதற்காக. அந்த நேரம் வாசிக்க விடாது. கணினியில் 'இஜெக்ட்' கொடுத்துவிட்டு வயரைக் கழற்றாமல் விடச் சொல்லுங்கள், பக்கம் திரும்ப வரும், சார்ஜும் ஏறும். சுவர் பிளக்கில் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

போன் வெடித்த கதைகளைக் கேட்டுத்தான் பேரன் பயப்படுகிறான், அவன் அக்கறை நல்லதுதான். ஆனால் சார்ஜில் போட்டபடி போனில் வீடியோ பார்ப்பது வேறு, இது வேறு. இந்தத் திரை பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் எடுக்கும்; மாறிய பக்கத்தை நீங்கள் அரை மணி நேரம் வைத்து வாசித்தாலும் எழுத்துக்கென்று செலவில்லை, விளக்கும் வைஃபையும்தான் பற்றரியைத் தின்னும். அதனால் வாசிப்பதால் பெரிதாகச் சூடேறாது. பற்றரி நிறைந்ததும் சார்ஜ் ஏறுவதும் தானாகவே நின்றுவிடும்.

எனக்குக் கவலை வெளிச்சூட்டைப் பற்றித்தான். லித்தியம் பற்றரிக்குச் சூடுதான் எமன். இப்படியான கருவிகளை 35 பாகை செல்சியசுக்கு மேல் பாவிக்க வேண்டாம் என்பார்கள், கச்சான் என்கிற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் நம்மூர் மத்தியானம் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். போன வருடம் என்னுடையதைத் தடித்த உறையோடு தலையணைக்கடியில் சார்ஜில் விட்டுத் தூங்கிவிட்டேன், எழும்பி எடுத்தபோது பின்பக்கம் அப்போதுதான் இறக்கிய தேநீர்க் கோப்பை மாதிரிக் கொதித்தது. மேசையில் வைத்து, உறையைக் கழற்றி, இரவிலே போடுங்கள்.

அப்புறம், கடற்கரையோரம் இருக்கிறீர்கள். உப்புக் காற்றில் வயர் செருகும் துளைக்குள் பச்சை பிடிக்கும். வயரின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பச்சையோ கறுப்போ தெரிந்தால் வயரை மாற்றிவிடுங்கள், ஈரக்கையோடு செருகவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் சுவரிலிருந்து பிளக்கையே கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கழற்றிய பிறகும் பற்றரியில் வாசிக்கலாம்தானே. இதைப் பேரனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.