எஸ்டிபில துண்டு போட்டது யாரு?

கேள்வி: வீட்ல ஒரு பழைய பிசில டெபியன் லினக்ஸ் போட்டு ரெண்டு டிஸ்க்க ரெய்டு 1ஆ (ஒண்ணுல இருக்கறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கும்) ஓட்டிட்டு இருக்கேன். சில நாள் பூட் ஆனா ரெண்டும் ஒழுங்கா வருது, சில நாள் ரெண்டாவது டிஸ்க்கான எஸ்டிபி (sdb) மட்டும் ரெய்டுல இல்ல. ரெய்ட நடத்துற எம்டிஅட்ம் (mdadm) கமாண்ட்ல திரும்ப சேர்க்கப் போனா "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி"ங்குது. எந்த ப்ரோக்ராம் டிஸ்க்க புடிச்சிருக்குன்னு காட்டுற எல்எஸ்ஓஎஃப் (lsof), ஃபியூசர் (fuser) ரெண்டும் போட்டுப் பாத்துட்டேன், எந்த ப்ராசஸும் அத தொடல. டிஸ்க் லிஸ்ட் காட்டுற எல்எஸ்பிஎல்கேல (lsblk) எஸ்டிபிக்கு கீழ 'எம்பாத்ஏ'ன்னு (mpatha) ஏதோ காட்டுது. டிஸ்க் போச்சா சார்?

பதில்: டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல, புதுசு வாங்க கடைக்கு ஓடிறாதீங்க. பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் புடிப்பாங்கல்ல, அதான் கதை. ஆளு இருக்க மாட்டாரு, துண்டு இருக்கும், எல்எஸ்ஓஎஃப் தேடுறது ஆளத்தான். ரெய்டா இருந்தாலும் டிவைஸ் மேப்பரா (டிஸ்க்க வேற பேர்ல மாத்திக் காட்டுற கெர்னல் பகுதி) இருந்தாலும் டிஸ்க்க லினக்ஸோட மையமான கெர்னலுக்குள்ளயே எக்ஸ்க்ளூசிவா புடிச்சு வச்சுக்கும், மொதல்ல வந்தவங்களுக்குத்தான் சீட்டு, ரெண்டாவதா வர்றவங்களுக்கு பிஸி.

அந்த எம்பாத்ஏங்கறது டிவைஸ் மேப்பர் வழியா மல்ட்டிபாத்ங்கற ப்ரோக்ராம் போட்ட துண்டு. அது சான் (SAN, நெட்வொர்க் வழியா சர்வருக்கு டிஸ்க் தர்ற) ஸ்டோரேஜுக்கானது, ஒரே டிஸ்க் ரெண்டு கேபிள் வழியா ரெண்டு பேர்ல தெரிஞ்சா ஒண்ணா சேத்துக் காட்டும். கான்ஃபிக்ல 'ஃபைண்ட் மல்ட்டிபாத்ஸ்' நோன்னு இருந்தா ஒத்த கேபிள் டிஸ்க்கயும் விடாது. பூட்ல, புது டிவைஸ் வந்தா கவனிக்கற யூடெவ், டிஸ்க் வந்துருச்சுன்னு சொன்ன உடனே இதுவும் எம்டிஅட்மும் ஓடி வரும், யாரு முந்துறாங்கங்கறது தினம் மாறும், அதான் உங்களுக்கு ஒரு நாள் வருது ஒரு நாள் வரல.

இப்போதைக்கு 'மல்ட்டிபாத் மைனஸ் எஃப் எம்பாத்ஏ' (multipath -f mpatha) போட்டு துண்ட எடுங்க, அப்புறம் எம்டிஅட்ம்ல எஸ்டிபிய சேருங்க, ரீசிங்க் (ரெண்டு டிஸ்க்கும் திரும்ப ஒண்ணு போல ஆகுறது) முடியுற வரைக்கும் ப்ராக்ல எம்டிஸ்டாட்ட (/proc/mdstat) பாத்துட்டே இருங்க. வீட்ல சான் எங்க இருக்கப்போகுது, பேசாம மல்ட்டிபாத் டூல்ஸ் பேக்கேஜயே தூக்கிருங்க. ஆபீஸ் சர்வர்ல சான் வச்சிருக்கவங்க மட்டும் தூக்காதீங்க, லோக்கல் டிஸ்க்கோட டபிள்யூடபிள்யூஐடிய (WWID, டிஸ்க்குக்கே உரிய அடையாள எண்) கான்ஃபிக்ல ப்ளாக்லிஸ்ட்ல எழுதுனா போதும். எது பண்ணாலும் கடைசியா 'அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் மைனஸ் யூ' (update-initramfs -u) ஓட்டணும், பூட்டோட ஆரம்பத்துல ஓடுறது இனிட்ராம்எஃப்எஸ்ங்கற குட்டி பூட் இமேஜுக்குள்ள இருக்கற பழைய காப்பிதான், நானே இத மறந்துட்டு ஒரு சாயங்காலம் முழுக்க முழிச்சிருக்கேன்.

பிஸிங்குதேன்னு கடுப்புல டிடி (dd, டிஸ்க்ல நேரடியா எழுதுற கமாண்ட்) போட்டு எஸ்டிபிய மட்டும் துடைச்சிறாதீங்க. டிடி எக்ஸ்க்ளூசிவா கேக்காது, துண்டு இருக்கா இல்லையான்னே பாக்காம மேல உக்காந்துடும்.