மூன்றாம் முறை எழுத முன்னம், அம்மா

அம்மா, உயர்தரப் பரீட்சையை மூன்றாம் தடவை எழுதவிருக்கும் உங்கள் மகனோடு போன கிழமை எங்கள் தொழில் வழிகாட்டல் அலுவலகத்துக்கு வந்திருந்தீர்கள். ஒரு மணித்தியாலம் நீங்கள்தான் கதைத்தீர்கள். நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போன பிறகுதான் தம்பி வாய் திறந்தார். விதைப்பு நேரம் உங்கள் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் நின்றுபோனதாம். டீசல் குழாய்க்குள் காற்று. நட்டைத் தளர்த்தி, நுரை போய் டீசல் சீராக வரும்வரை விட்டு, திரும்ப இறுக்கியதைக் கையாலேயே காட்டினார்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். அவர் சொல்லச் சொன்னதால் எழுதுகிறேன்: உயர்தரத்தில் இணைந்த கணிதப் பாடம் முதல் வருடத்திலிருந்தே விளங்கவில்லை. நீங்களோ இரண்டு தடவையும் சோதனை நேரம் காய்ச்சல் என்றீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரம் மூன்று தடவை எழுதலாம். கடைசித் தடவையையும் காய்ச்சல் கதையோடு எழுதினால், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவு செய்யப் பார்க்கும் இசட் புள்ளி எப்படி ஏறும்?

ஆர்னல்ட் பைசர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், போலியோவால் உடல் முடங்கிய டென்னிஸ் வீரர். தான் அல்லாத ஒருவராக ஆகப் பார்ப்பதை விட்டு, தான் இருக்கிறபடி இருக்கும்போதுதான் மாற்றம் வருகிறது என்று 1970இல் எழுதினார். இது கைவிடுகிற கதை இல்லை. விளங்கவில்லை என்று ஒத்துக்கொண்டால்தானே எங்கே தொடங்குவது என்று தெரியும்?

உள்ளதைக் கேட்காமல் விடுகிற இதே குறை எங்கள் அலுவலகத்திலும் இருந்தது. "நாங்கள் புள்ளியைத்தான் கேட்கிறோம், பிள்ளையைக் கேட்கிறதில்லை" என்று ஒரு இளம் உத்தியோகத்தர் கூட்டத்தில் சொல்லிவிட்டார். எனக்குத்தான் கூடக் கோபம். ஆனாலும் வருகிற பிள்ளைகள் நிரப்பும் படிவத்தின் முதல் கேள்வி மாறியது: நேரம் போவது தெரியாமல் என்ன செய்வீர்கள்? தம்பி ஒரு சொல்தான் எழுதியிருக்கிறார்: "லான்ட்மாஸ்டர்".

நீங்கள் ஆசைப்படும் பொறியியல் பீடம் இருக்கும் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வாகன, விவசாய இயந்திரத் தொழில்நுட்பம் அங்கே படிக்கலாம். தேசிய தொழில் தகைமையில் 5, 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7 பட்டம். "மெக்கானிக் என்றால் சனம் என்ன சொல்லும்" என்றீர்கள். விதைப்பு நேரம் மெசின் நின்றால் அந்தச் சனம் முதலில் யாரைத் தேடும்?

இன்றிரவு இரண்டு பெறுபேற்றுத் தாளையும் மேசையில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் அவரைப் பேச விடுங்கள். நடுவில் ஒன்றும் சொல்லக்கூடாது, கஷ்டம்தான். வியாழக்கிழமை வாருங்கள். திரும்ப எழுதப்போகிறேன் என்று அவரே சொன்னாலும் சரி, கணிதத்தை எங்கிருந்து தொடங்குவது என்று பார்ப்போம்.