'வாழச் சிறந்த நகரங்கள்' பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

பத்திரிகைகள் ஆண்டுதோறும் வெளியிடும் 'வாழச் சிறந்த நகரங்கள்' தரவரிசையை நம்பி ஊர் மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதிலுள்ள தகவல்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் வரிசை எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

வீட்டு விலை, தட்பவெப்பம், மருத்துவம், குற்றங்கள், வேலைவாய்ப்பு என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதைத் தயாரிப்பவர்களே தீர்மானிக்கிறார்கள். சிக்கலே அங்கேதான். அமெரிக்காவின் 'பிளேசஸ் ரேட்டட் அல்மனாக்' தரவரிசையை எடுத்து, புள்ளியியலாளர்கள் சிலர் 1987-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 329 நகரப் பகுதிகளின் மதிப்பெண்களைத் தொடவே இல்லை. முக்கியத்துவத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். 134 நகரங்களை முதலிடத்துக்குக் கொண்டுவர முடிந்தது. 150 நகரங்களைக் கடைசிக்குத் தள்ள முடிந்தது. 59 நகரங்கள் இரண்டுக்குமே பொருந்தின!

எகனாமிஸ்ட் குழுமத்தின் உலகப் பட்டியலில் 2021-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து முதலிடம், அடுத்த ஆண்டே 34-ஆவது இடம். ஓராண்டில் ஊர் கெட்டுப்போய்விடவில்லை. கொரோனா கட்டுப்பாடுகள் நாட்டுக்கு நாடு மாறியதில் மதிப்பெண்கள் புரண்டன, அவ்வளவுதான். தவிர, அந்தப் பட்டியல் வாழ்க்கைச் செலவைக் கணக்கில் எடுப்பதே இல்லை. வாடகை கட்டத் திணறும் குடும்பத்துக்கு இது பெரிய ஓட்டை.

எனவே மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, தனித்தனி மதிப்பெண்களைப் பார்த்து உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லையென்றால் கல்வியை ஒதுக்கிவிடலாம். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் காற்றின் தரத்துக்கு இரட்டிப்பு மதிப்பு கொடுங்கள்.